கைலிக் கட்டு எந்தப் பக்கம்

என் மனைவியின் தையல் மிஷினிலிருந்து நான் மோட்டாரைக் கழற்றிய அன்று எங்கள் வீட்டில் மத்தியானச் சமையல் நடக்கவில்லை. கடையில் பரோட்டா வாங்கிவந்து பவ்யமாக நீட்டினேன். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, "மோட்டாரு எப்பத் திரும்பி வருது?" என்று கேட்டாள். "ஒரே வாரம்" என்றேன். நான் சொல்லும் ஒரு வாரம் எத்தனை வாரம் என்பது பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவளுக்குத் தெரியாதா என்ன. தீபாவளித் துணி அத்தனையும் காலால் மிதித்தே தைத்தாள். ஒவ்வொரு மிதியும் என் முதுகில் விழுவதாகத்தான் எனக்குக் கேட்டது.

உச்சிப்புளியில் ராமேஸ்வரம் ரோட்டின் மேல் எங்கள் கடை. முன்பாதி என்னுடைய கல்யாண வீடியோ ஸ்டூடியோ, பின்பாதி அவளுடைய தையல் கடை. நடுவில் ஒரு திரைத்துணி. ஜாக்கெட் போட்டுப் பார்க்க யாராவது வந்தால் மட்டும் இழுத்து விடுவோம். அவள் பக்கத்துச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மோட்டார் எதற்கு என்று சொல்ல வேண்டும். எனக்குப் பழைய சாமான் பைத்தியம். மதுரையில் பழைய இரும்புக் கடை ஒன்றில், மிக்ஸி ஜாடிகளுக்கு அடியில் ஒரு சின்ன புரொஜெக்டர் கிடந்தது. எட்டு மில்லிமீட்டர் ஃபிலிம் ஓடுவது. அந்த ஃபிலிமின் அகலம் சுண்டுவிரல் நகத்தைத் தாண்டாது. அந்தக் காலத்தில் வசதியுள்ள வீடுகளில் பிள்ளைகளையும் விருந்தாளிகளையும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். புரொஜெக்டரோடு எடிட்டர் என்று ஒரு சாமானும் கிடைத்தது. எடிட்டர் என்றால் பத்திரிகை ஆபீசில் உட்கார்ந்து கடிதம் கிழிப்பவர் அல்ல. இரண்டு பக்கமும் ரீல் மாட்டிக் கையால் சுற்ற ஒரு பிடி, நடுவில் பிஸ்கட் அளவுக்கு ஒரு திரை. அதில் பார்த்துத்தான் எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்று முடிவு செய்வார்கள். என்னுடையதில் பல்பு போய்விட்டது. திரை முழுக்கக் கீறல். அதில் மனிதனைப் பார்த்தாலும் பனைமரத்தைப் பார்த்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

புரொஜெக்டரைப் பிரித்துப் போட்டேன். ஃபிலிமைப் பொசுக்கிவிடும் பழைய பல்புக்குப் பதிலாகச் சூடில்லாத எல்.இ.டி. இற்றுப்போன பெல்ட்டுக்குப் பதிலாகத் தையல் மிஷின் பெல்ட். பெல்ட்டுக்குப் பொருத்தமாக மோட்டாரும் வேண்டியிருந்தது, அந்தக் கதைதான் மேலே சொன்னது. மோட்டாரை நத்தை வேகத்துக்கு இறக்கி, ஃபிலிமில் ஒவ்வொரு கட்டமும் வந்து நிற்கும்போது எதிரே இருக்கும் கேமரா தானாக ஒரு போட்டோ எடுக்கும்படி ஒரு சுவிட்ச் வைத்தேன். அப்புறம் அத்தனை போட்டோவையும் கம்ப்யூட்டரில் வரிசையாக ஓட்டினால் படம்.

கடை வாசலில் போர்டும் எழுதி வைத்தேன். பழைய சின்ன ஃபிலிம் டிஜிட்டலாக மாற்றித் தரப்படும். மூன்று மாதம் ஒருவரும் வரவில்லை. மூன்றாவது மாதக் கடைசியில் ஒருவர் தன் முழங்கால் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து, இதை டிவியில் பார்க்கிற மாதிரி செய்து தர முடியுமா என்று கேட்டார். மனைவி திரைத்துணிக்குப் பின்னால் சிரித்த சிரிப்பு ரோட்டைத் தாண்டிக் கேட்டிருக்கும்.

அதற்கு அடுத்த வாரம் லாத்தா வந்தார். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் வீட்டு அக்காமார்களை நாங்களும் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். பெரியபட்டினத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அறுபதை நெருங்கும் வயது. மடியில் ஒரு பிஸ்கட் டின். திறந்தால் பாச்சா உருண்டை வாடை, அதற்கடியில் லேசாகப் புளித்த வாடை, நடுவில் உள்ளங்கையில் அடங்கும் ஒரே ஒரு ரீல்.

"இதுல எங்க வாப்பா இருக்காக தம்பி" என்றார்.

கதையைச் சொன்னார். அவருடைய வாப்பாவுக்குப் படம் பிடிப்பது பிடிக்காது. வீட்டில் ஒரு போட்டோ கிடையாது. பினாங்கில் கடை வைத்திருந்த பெரிய காக்கா, அதாவது மூத்த அண்ணன், லீவில் வந்தபோது ஒரு சின்ன கேமராவைக் கொண்டுவந்து, வாப்பாவுக்குத் தெரியாமல் ஒளிந்து ஒளிந்து எடுத்தது இந்த ரீல். ஃபிலிமைக் கழுவ பினாங்குக்கே எடுத்துப் போனார். கழுவி வருவதற்குள் வாப்பா மௌத்து, போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் அதைப் பார்க்கும் மனது காக்காவுக்கு வரவே இல்லை. இப்போது காக்காவும் போய், அவருடைய மகன் டின்னை அனுப்பியிருக்கிறார். இத்தனை வருடத்தில் அந்தப் படத்தை ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

"அப்ப எனக்கு ரெண்டு வயசு. மொகம் ஞாபகமில்ல. எனக்கு மூத்தவுக ஆறு பேரு. ஆறு பேருக்கும் வாப்பா ஏசுன கதை இருக்கு. பெருநாளைக்கு ஒண்ணு கூடுனா இதே பேச்சுத்தான். கோவம் வந்தா 'முசீபத்து'ன்னு ஒரே வார்த்தைதானாம். என்னய இந்தத் தப்புக்குச் சொன்னாக, என்னய அந்தத் தப்புக்குச் சொன்னாகன்னு போட்டி போட்டுச் சொல்லுவாக. நான் எல்லாரு வாயையும் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். என்னய ஏசுறதுக்குள்ள போயிட்டாகளே."

முசீபத்து என்றால் தொல்லை, கேடு என்று அர்த்தம். எங்கள் அய்யா என்னைத் தினமும் காலையில் "எந்திரிலே சனியனே" என்றுதான் எழுப்புவார். அதை ஒரு சொத்தாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. லாத்தா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் டின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

ஆறு பேரில் இப்போது உயிரோடு இருப்பது பெரிய அக்கா ஒருவர்தான். அவருக்கும் பார்வை போய்விட்டது. அவரிடம் கேட்டு அடையாளம் வாங்கி வந்திருந்தார். இடது கண்ணுக்குக் கீழே மிளகு அளவு மச்சம்.

"மொகத்த ஒரு தரம் பாத்துட்டாப் போதும் தம்பி."

"பாத்துட்டீகன்னே வச்சுக்கங்க லாத்தா" என்றேன். வாய் மட்டும் எனக்கு எப்போதும் நீளம்.

வேலை ஆரம்பித்தது. ஃபிலிம் இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. இரண்டு முனையையும் ஒட்டுப்பலகையில் பல் ஓட்டைகளுக்கு நேராக வைத்து, சின்னக் கத்தியால் சீவி, மெல்லிய டேப் போட்டு ஒட்டினேன். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினேன். அப்புறம்தான் தெரிந்தது, எங்கள் ஊருக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. பக்கத்தில் கடற்படை விமானதளம். ஹெலிகாப்டர் ஒன்று தலைக்குமேல் போனால் மேஜையிலிருந்து டீ கிளாஸ் வரை உதறும், கேமராவும் உதறும். மேஜைக் கால்கள் நான்கையும் மணல் நிரப்பிய சட்டிகளுக்குள் இறக்கினேன். "அம்மனுக்கு மொளப்பாரி போட்ருக்கீகளா?" என்றாள் மனைவி.

கடைசியில் ஒரு யோசனை. ஃபிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். பளபளப்புப் பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டினால் வெளிச்சம் பட்டுத் திருப்பி அடிக்கும் அல்லவா? அதனால் மங்கல் பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டி மாட்டினேன். இந்த நுணுக்கம் எத்தனை பேருக்குத் தோன்றும் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். மூவாயிரத்துச் சொச்சம் கட்டம். மத்தியானம் முழுக்க டிக் டிக் என்று ஓடியது.

மறுநாள் லாத்தா வந்தார். நல்ல சேலை, தலையில் வெள்ளைத் துப்பட்டி. கம்ப்யூட்டர் முன் நாற்காலி போட்டேன். மனைவியும் தையலை நிறுத்திவிட்டு வந்து பின்னால் நின்றாள். படத்தை விட்டேன்.

கடற்கரை. மணலில் ஏற்றிய ஒரு வள்ளம். கைலி கட்டிய ஆட்கள் நாலைந்து பேர் வலை உதறுகிறார்கள். எல்லோரும் விறுவிறுவென்று ஓடுகிறார்கள்.

"என்ன தம்பி, வயித்துக்குச் சேராத மாதிரி ஓடுறாக?"

"பழைய படம்னா அப்படித்தான் லாத்தா" என்றேன், எல்லாம் தெரிந்தவனாக.

வள்ளத்தின் மூக்கில் ஏதோ எழுத்து. எங்கள் மூவருக்கும் படிக்க வரவில்லை. வட்டம் வட்டமாக இருந்தது. "சிங்களம்" என்றேன். அதுவும் எல்லாம் தெரிந்தவனாக. கடைசியில் ஒரு ஆள் கேமராவைப் பார்த்துவிட்டு நேரே நடந்து வருகிறார், இல்லை, ஓடி வருகிறார். முகம் திரையை நிறைக்கிறது, வாய் படபடவென்று ஏதோ மெல்லுகிறது, ஒரு கை வந்து மறைக்கிறது. அவ்வளவுதான் படம்.

லாத்தா அந்த முகத்தில் நிறுத்தச் சொன்னார். கிட்டப் போய்ப் பார்த்தார். மச்சம் இருந்தது. வலது கண்ணுக்குக் கீழே.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "இது எங்க ஆளுக இல்ல தம்பி" என்றார்.

"எப்படிச் சொல்றீக?"

"கைலியப் பாருங்க. மடிப்பு வலது பக்கம் வருது. எங்காளுக எடது பக்கம்ல கட்டுவாக. இது உங்க கட்டு. எழுத்து வேற சிங்களம்ங்கிறீக. கழுவுன கடையில யாரு படத்தையோ மாத்திக் குடுத்துட்டானுக."

நான் திரையைப் பார்த்தேன். என் இடுப்பைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பிறந்ததிலிருந்து வலது பக்கம்தான் கட்டுகிறோம். படத்தில் எல்லோரும் எங்களைப்போலவே கட்டியிருந்ததால் எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. மச்சம் இடம் மாறியிருக்கிறது, கட்டும் மாறியிருக்கிறது. தலையாட்டினேன்.

லாத்தா அழவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. டின்னை என் பக்கம் நகர்த்தினார். "சிலோன்ல இருந்த உங்காளுக யாரோ. அவுக வீட்டுல இதத் தேடிக்கிட்டு இருப்பாக. நீங்களே விசாரிச்சு உரியவுகட்டச் சேத்துருங்க" என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "காக்கா பாக்காமப் போனதும் நல்லதுக்குத்தான்" என்றார். பஸ் ஏறும்வரை நான் கூடவே நின்றேன்.

சொன்ன வேலையையாவது செய்வோம் என்று அந்த முகத்தை என் போனில் ஏற்றி, டீக்கடையில் காட்டினேன். பக்கத்துக் கிராமத்துச் சம்சாரி, அதாவது விவசாயி, ஒருவர் போனை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எங்க பெரியப்பாதான்" என்றார்.

"நல்லாத் தெரியுமா?"

"சிலோனுக்குப் போனவரு திரும்பியே வரல. நான் பாத்ததில்ல. ஆனா மூக்கப் பாரு, எங்க மூக்கு." தன் மூக்கைத் திருப்பிக் காட்டினார். மூக்கு மூக்கு மாதிரிதான் இருந்தது. பெரிசாக ஒரு படம் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டி வைக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வாராம், மாலை போட்டுத் திருநீறு பூசிக் கும்பிட வேண்டுமாம். பிரிண்டரில் மை தீர்ந்திருந்தது. வியாழக்கிழமை மை வந்துவிடும் என்றேன். அந்தப் பிரிண்டர் எனக்குச் செய்த உதவியை எந்தச் சொந்தக்காரனும் செய்ததில்லை.

வியாழக்கிழமை காலை. சட்டத்தில் போடத் தெளிவான ஒரு கட்டத்தைத் தேடிப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். திரைத்துணி விலகிக் கிடந்தது. மனைவி எனக்கு முதுகைக் காட்டி, கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்.

"ஏங்க, இவுக சரியாத்தான கட்டியிருக்காக? லாத்தா ஏன் இல்லைன்னாக?"

"என்ன சரியா?"

"கைலிதான். எடது பக்கம்."

"வலது பக்கம்டீ."

"எடது."

"ஏய், கண்ண நல்லாத் தொறந்து பாரு, வலது."

"நான் தொறந்துதான் பாக்குறேன், நீங்க மொதல்ல இங்கன பாருங்க" என்று ஊசியால் கண்ணாடியைக் காட்டினாள். பார்த்தேன். கண்ணாடிக்குள் என் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்குள் கடற்கரை. ஒவ்வொருவர் கைலியிலும் மடிப்பு இடது பக்கம். வள்ளத்தின் மூக்கு மெல்லத் திரும்பியது.

"துணை" என்று படித்தாள் மனைவி. "சிங்களம்னீகளே, எப்பப் படிச்சீக?"

மங்கல் பக்கம். என் நுணுக்கம். ஃபிலிமைப் பின்பக்கமாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். மொத்தப் படமும் இடம் வலமாகப் புரண்டு கிடக்கிறது. மச்சமும் அதோடு சேர்ந்து கன்னம் மாறிவிட்டது. ஒரு மகள் தன் வாப்பாவை நேருக்கு நேர் பார்த்து, இவர் இல்லை என்று எழுந்து போகும்படி செய்திருக்கிறேன். அதோடு விட்டேனா? அவருக்குத் திருநீறு பூச மறுநாள் ஆளும் வரச் சொல்லியிருக்கிறேன்.

"அவுக ஓடுறதையும் பாருங்க, மனுசன் இப்படியா நடப்பான்?" என்றாள் மனைவி. ஒரு தப்பு கிடைத்தால் அவள் அடுத்ததையும் தோண்டாமல் விடமாட்டாள். அன்றைக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று. கல்யாண வீடியோ ஓட்டும் வேகத்தில், நொடிக்கு இருபத்தைந்து கட்டமாக விட்டிருந்தேன். அந்தச் சின்ன கேமராக்களுக்குப் பதினெட்டு. பழைய படம் என்றால் அப்படித்தான் என்று லாத்தாவிடம் சொன்ன வாயை எதைக் கொண்டு அடைப்பது என்று தெரியவில்லை.

பளபளப்புப் பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டி, மூவாயிரத்துச் சொச்சத்தையும் மறுபடி எடுத்தேன். கம்ப்யூட்டரிலேயே ஒரு பொத்தானைத் தட்டிப் புரட்டியிருக்கலாம். ஆனால் செய்த தப்புக்கு அந்த மத்தியானத்தையாவது கொடுக்க வேண்டும் என்று இருந்தது. வெளிச்சமும் திருப்பி அடிக்கவில்லை. அதற்காக நான் பட்ட கவலை அத்தனையும் வீண்.

சாயங்காலம் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துப் பைக்கை எடுத்தேன். லேப்டாப்பும் டின்னும் அவள் மடியில். பெரியபட்டினத்தில் வீட்டைக் கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது, லாத்தா முற்றத்தில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். டின்னைப் பார்த்ததும், "உரியவுக கெடைச்சிட்டாகளா?" என்றார்.

"கெடைச்சிட்டாக லாத்தா. நீங்கதான்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மங்கல் பக்கம், கண்ணாடி, சிங்களம், சம்சாரியின் மூக்கு, மாலை, திருநீறு. திருநீறு வந்ததும் லாத்தா துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்த கண்ணைத் துடைத்துக்கொண்டே, "விடுங்க தம்பி, பாப்போம்" என்று கட்டிலில் இடம் ஒதுக்கினார்.

படம் ஓடியது. இப்போது யாரும் ஓடவில்லை. வலையை நிதானமாக உதறினார்கள். மடிப்பெல்லாம் இடது பக்கம். வள்ளம் துணை என்றது. கடைசி ஆள் கேமராவைக் கண்டுபிடித்து, முகத்தைச் சுளித்து, மணலில் கால் புதையப் புதைய நடந்து வந்தார். இடது கண்ணுக்குக் கீழே மிளகு அளவு மச்சம். வாய் அசைந்தது. கை வந்து மறைத்தது.

நான் லாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மச்சம்" என்று காட்டப் போனேன். மனைவி என் தொடையில் கிள்ளினாள்.

"தம்பி, அந்த வாயி அசையுற எடத்த மட்டும் விடுங்க" என்றார் லாத்தா.

விட்டேன்.

"இன்னும் மெதுவா."

விட்டேன். அவருடைய உதடுகள் திரையில் இருந்த உதடுகளோடு சேர்ந்து அசைவதைப் பார்த்தேன். முதலில் ஒரு தரம் ஒட்டிக் குவிந்தன. பல் தெரிய விரிந்தன. மறுபடி ஒரு தரம் ஒட்டின. "மு" என்றார் லாத்தா. இன்னொரு தரம் விடச் சொன்னார். "மு... சீ... ப..." என்றார், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையாக.

"முசீபத்து" என்றாள் என் மனைவி, தாங்க மாட்டாமல்.

"காக்காவத்தான் ஏசியிருக்காரு லாத்தா. ஒளிஞ்சு எடுத்தத பாத்துட்டாரு" என்றேன் நான். எனக்கு எப்போது எதைச் சொல்வது என்று தெரியாது.

லாத்தா கேட்டதாகவே தெரியவில்லை. திரைக்குள் இருந்தவர் நேரே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு காக்கா நின்னாக. இன்னைக்கு நாந்தான நிக்கிறேன்" என்றார். முகமெல்லாம் நனைந்திருந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை.

மறுநாள் சம்சாரியிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவருடைய பெரியப்பாவை நான்தான் எங்கோ ஒளித்து வைத்ததுபோல் என்னை முறைத்தார். மோட்டார் அந்த வாரமே தையல் மிஷினுக்குத் திரும்பிப் போனது. அதெல்லாம் அப்புறம் நடந்தது. அன்று சாயங்காலம் நாங்கள் கிளம்ப எழுந்தபோது, லாத்தா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இன்னும் ஒரே ஒரு தரம் ஏசச் சொல்லுங்க தம்பி."